அப்பாதுரை குடித்ததில்லை

என் அக்கா புருஷன் அப்பாதுரை தன் வாழ்நாளில் ஒரு சொட்டு சாராயம் தொட்டதில்லை. இதை முதல் வரியிலேயே சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. மயிலத்துக்குப் பக்கத்தில் அவருடைய ஊரில் போய் விசாரித்தால், "யாரு, குடிகார அப்பாதுரையா?" என்றுதான் திருப்பிக் கேட்பார்கள். அந்தப் பட்டத்தை ஊர் தானாகக் கொடுக்கவில்லை. கூடப்பிறந்த அண்ணன் துரைக்கண்ணுதான் பார்த்துப் பார்த்துச் சூட்டினார்.

நான் அருணா. விழுப்புரத்தில் சின்னதாக ஒரு பியூட்டி பார்லர் வைத்திருக்கிறேன். அப்பாதுரை எனக்கு மாமா. அக்கா தையல்நாயகி கல்யாணத்தில்தான் அவரை முதலில் சரியாகப் பார்த்தேன். மாப்பிள்ளையின் கூட்டாளிகள் எல்லாம் மண்டபத்துக்குப் பின்னால் போய்ப் போய் வாயைத் துடைத்துக்கொண்டு வந்தார்கள். மாப்பிள்ளை மட்டும் பந்தியில் உட்கார்ந்து, வெட்கப்படாமல் மூன்றாவது தடவையாகப் பாயசம் கேட்டுக்கொண்டிருந்தார். பங்குனி உத்திரத்துக்கு வருஷம் தவறாமல் மயிலத்துக்குக் காவடி எடுக்கிற ஆள். நெற்றியில் திருநீறு இல்லாமல் வாசற்படி தாண்டமாட்டார்.

திண்டிவனத்தில் ஒரு தனியார் பள்ளிக்கூடத்துக்கு வேன் ஓட்டினார். நிலம் அண்ணன் தம்பி இருவருக்கும் பொதுவில் இருந்தது, பயிர் வைப்பதும் மல்லாட்டைக் கடலை பிடுங்குவதும் அண்ணன் பாடு. மாமாவுக்கு வேன்தான் உயிர். ஏதாவது ஒரு பிள்ளை வண்டியில் வாந்தி எடுத்துவிட்டால் ஆயாவைக் கூப்பிடமாட்டார், தானே கழுவுவார். "கொழந்த வாந்தி இன்னாம்மா நாத்தம், பால் நாத்தந்தானே" என்பார்.

அவருடைய அப்பா நாற்பதைத் தாண்டியதும் நடை தள்ளாடி, பேச்சு குழறி, கடைசியில் கட்டிலோடு கிடந்து போனவர். சித்தப்பாவும் அதே வயதில் அதே மாதிரி. இரண்டு பேரையும் பற்றி ஊரில் சொல்வது ஒன்றுதான்: குடித்தே செத்தார்கள். ஒருமுறை மாமாவிடமே கேட்டேன்.

"எங்கப்பா கள்ளுகூட மோந்து பாத்ததில்ல அருணா" என்றார். "அப்ப ஏன் அப்பிடி சொல்றாங்கன்னு நானும் சின்ன வயசுலருந்து கேட்டுக்கினுதான் இருக்கேன். யாரும் வாயத் தொறக்கல."

அதற்கான பதில் அவருக்கு நாற்பத்து மூன்றாவது வயதில் கிடைத்தது.

சாயங்காலம் பிள்ளைகளை ஒவ்வொருவராக இறக்கிவிட்டு வருகிற வழியில் இடது கை மரத்துப்போயிருக்கிறது. பொறுப்பான மனுஷன், உடனே வண்டியை ஓரம் கட்டி, ஹேண்ட் பிரேக்கைப் போட்டுவிட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போன் செய்தார். ஆனால் போனில் வந்தது பேச்சே இல்லை, குழறல். வண்டியில் மீதி இருந்த பிள்ளைகளின் அம்மா அப்பாக்கள் வந்து பார்த்தார்கள். வாய் குழறுகிறது, கால் தள்ளாடுகிறது. ஒரு போலீஸ்காரர் வந்து மெஷினை நீட்டி ஊதச் சொன்னார். ஊதினார். ஒன்றும் காட்டவில்லை. இன்னொரு தடவை ஊதச் சொன்னார். அப்போதும் இல்லை. மெஷினை உள்ளங்கையில் தட்டிப் பார்த்துவிட்டு, "ரிப்பேரா இருக்கும்" என்று முடித்துக்கொண்டார். மெஷின் பொய் சொல்லலாம், தள்ளாடுகிற காலா பொய் சொல்லும்!

மறுநாள் துரைக்கண்ணு வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனார். தம்பிக்காக நியாயம் கேட்கப் போகிறார் என்று அக்கா என்னிடம் பெருமையாகச் சொன்னாள். அவர் அங்கே கையைக் கட்டிக்கொண்டு சொன்னது இது: "ஆமாங்க, பையனுக்குக் கொஞ்சம் பழக்கம் இருக்குது. வுட்டுடுவான். மன்னிச்சிக்குங்க."

வேலை போயிற்று. பட்டமும் ஏறிற்று. எனக்கு விஷயம் தெரிந்ததும் பார்லரைச் சாத்திவிட்டு நேராகத் துரைக்கண்ணு முன்னால் போய் நின்றேன்.

"பெரிய மாமா, குடிக்காத ஆளக் குடிகாரன்னு சொல்லிட்டு வந்திருக்கீங்களே, இது அடுக்குமா?"

அவர் பதறவில்லை. வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டு, சின்னப் பிள்ளைக்குக் கணக்குச் சொல்லித் தருகிற மாதிரி சொன்னார்.

"இதப் பாரும்மா. குடிகாரன் வூட்டுல பொண்ணு எடுப்பான். இன்னிக்கு எவன் வூட்டுல குடிகாரன் இல்ல? வாதக்கார வம்சம்னு பேரு வந்துச்சின்னு வெச்சிக்கோ, எந்த நாயும் வாசப்படி ஏறாது. குடின்னா கல்யாணத்துக்கு அப்புறம் வுட்டுடுவான்னு சொல்லலாம். ரத்தத்த வுட்டுடுவான்னு சொல்ல முடியுமா? எங்கப்பனுக்கும் சித்தப்பனுக்கும் அப்பிடித்தான் சொன்னோம். அதனாலதான் எங்க அக்கா தங்கச்சி எல்லாம் வாழறாளுங்க."

குடி குடியைக் கெடுக்கும் என்று பாட்டிலில் அச்சடித்து ஒட்டியிருக்கிறார்கள். இந்த மனுஷன் குடியை வைத்துக் குடியைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார். பனைமரத்தடியில் உட்கார்ந்து பால் குடித்தாலும் கள் என்பார்கள் என்று பழமொழி. மாமா பனைமரத்தடிக்குப் போகவே இல்லை. அண்ணன்தான் தூக்கிக்கொண்டு போய் உட்கார வைத்தார்.

இத்தோடு விட்டார்களா? ஊருக்குத் தெரியாமல் வைத்தியம் வேறு நடந்தது. வாதத்துக்குப் புறா ரத்தம் என்று எவனோ சொல்லி, மாட்டுக்கொட்டகையில் கதவைச் சாத்திவிட்டு, உயிரோடு புறாவை அறுத்து, அந்தச் சூடான ரத்தத்தை மாமாவின் கையிலும் காலிலும் தேய்த்தார்கள். நான் போனபோது ரத்தம் காய்ந்து தோலில் செதில் செதிலாக ஒட்டியிருந்தது. விரலிடுக்கில் இறகு. ஈ மொய்த்துக்கொண்டிருந்தது. கறி சாப்பிடாத மனுஷனை இப்படிக் கவிச்சி நாற உட்கார வைத்திருக்கிறார்கள். அக்கா பக்கத்தில் நின்று, "கொஞ்சம் தேவலாம் போல இருக்குதுல்ல?" என்றாள். என் கூடப்பிறந்தவள்தான். அன்றைக்கு அவள் முகத்தைப் பார்க்கவே எனக்கு அருவருப்பாக இருந்தது.

நான் வெந்நீர் போட்டு அவரைக் கழுவி, மறுநாளே வண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். ஸ்கேன் எடுத்தார்கள். அதைப் பார்த்த டாக்டர், இது வெறும் பிரஷர் வேலை இல்லை என்று, சித்தார்த்தன் என்ற ஆராய்ச்சி டாக்டரிடம் அனுப்பினார். அவர் சென்னையிலிருந்து வாரம் ஒருநாள் திண்டிவனத்துக்கு வந்து, இள வயதிலேயே பக்கவாதம் வருகிற குடும்பங்களின் ரத்தத்தைச் சேகரித்துக்கொண்டிருந்தார். மாமா ரத்தம் கொடுத்தார். துரைக்கண்ணுவையும் கேட்டோம். "எங்க ரத்தத்தப் புடிச்சி வெள்ளக்காரனுக்கு விப்பானுங்க" என்று மறுத்துவிட்டார். தனக்கும் அது இருக்குமோ என்று பயம். பயத்துக்கும் ஒரு கௌரவமான பேர் வைக்காமல் அவரால் இருக்க முடியாது.

முடிவு வந்த அன்று டாக்டர் எங்கள் இருவரையும் உட்கார வைத்துப் பேசினார்.

"ஸ்ட்ரோக் பெரும்பாலும் பிரஷர், சுகர், புகையிலைனாலதான் வருது. அதோட சின்னச் சின்ன பரம்பரைக் காரணங்களும் சேர்ந்துக்கும். ஆனா சில குடும்பங்கள்ல ஒரே ஒரு மரபணுவுல இருக்கிற கோளாறே மூளையோட சின்ன ரத்தக்குழாய்களைக் கெடுத்துடும். உங்க குடும்பத்துல அதுதான். உங்க அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் இதுவாத்தான் இருந்திருக்கும்."

"இது எங்க சனத்துக்கு மட்டும் வர்றதா சார்?" என்று நான் கேட்டேன்.

"அதுதான் சரியா தெரியல. இந்த ஆராய்ச்சியெல்லாம் ரொம்ப காலமா வெள்ளைக்காரங்க ரத்தத்தை வெச்சே நடந்துது. அங்க போட்ட கணக்கை அப்படியே கொண்டாந்து நமக்குப் போட்டா பொருந்தாது. ஜப்பான், கொரியா பக்கம் ஒரு மரபணுக் கோளாறு அதிகம், ஐரோப்பாவுல அது அபூர்வம். நம்ம நாட்டுல ஒவ்வொரு சனமும் தனக்குள்ளயே பொண்ணு குடுத்துப் பொண்ணு எடுக்கிறதால, ஒவ்வொண்ணுலயும் வேற வேற இருக்கலாம். தேடிப் பாத்தவங்கதான் கம்மி."

"அப்ப எங்க ரத்தம் கெட்ட ரத்தமா?"

"கோளாறு இல்லாத ரத்தம்னு உலகத்துல ஒண்ணும் இல்லம்மா. சிலது தெரியுது, சிலது தெரியல."

பிள்ளைகளுக்கு வருமா என்று மாமா மெதுவாகக் கேட்டார். ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி என்றார் டாக்டர், காசு சுண்டிப் போடுகிற மாதிரி. அடியோடு குணமாக்க மருந்து இல்லை. பிரஷரைக் கட்டுக்குள் வைக்க வேண்டும், புகையிலை கூடாது, வாயோ கையோ இழுத்தால் கொஞ்சமும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். வயது வந்த பிள்ளை விருப்பப்பட்டால் சோதனை செய்துகொள்ளலாம், வேண்டாமென்றால் விடலாம். "ஆனா விஷயம் அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கணும். அத நீங்கதான் சொல்லணும்."

மாமா முகமெல்லாம் மலர்ந்து, "அப்ப நான் குடிகாரன் இல்லன்னு நீங்க எங்க ஊருல வந்து சொல்லுவீங்களா சார்?" என்றார். வந்திருப்பது தீராத வியாதி, அதைக் கேட்டு ஒரு மனுஷன் சந்தோஷப்படுகிறான் என்றால், அவனை எந்த நிலைமைக்குக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள் பாருங்கள்.

அவருக்கு ஒரே மகள், கலைமதி. புதுச்சேரியில் ஒரு கம்பெனியில் வேலை, ஹாஸ்டலில் தங்கியிருந்தாள். அவளையும் இவர்கள் விட்டுவைக்கவில்லை. அப்பா குடித்துவிட்டு வேலையைத் தொலைத்தார் என்று பெரியப்பா போனில் சொல்ல, அக்கா அதற்கு ஆமாம் போட்டிருக்கிறாள். அதிலிருந்து அந்தப் பெண் அப்பாவோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அவர் போன் செய்தால் அந்தக் குழறலைக் கேட்டதும் வைத்துவிடுவாள்.

நான் உடனே சொல்லிவிடுகிறேன் என்று கிளம்பினேன். மாமா தடுத்தார்.

"நீ சொல்லாத. பொய்ய அடுத்தவங்க சொன்னாங்க, நெசத்த நான் சொல்லணும். வாயி இருக்கறப்பவே எம் பொண்ணுகிட்ட நேர்ல சொல்லிடறேன். அவளுக்கு ஒருத்தன் தாலி கட்டறதுக்கு முன்ன அவளுக்கும் தெரியணும், அவனுக்கும் தெரியணும்."

அவருக்கு இருந்த ஆசை அது ஒன்றுதான்.

துரைக்கண்ணு அதற்குள் மாப்பிள்ளை பார்த்துவிட்டார். கண்டாச்சிபுரத்துக்காரர்கள். பையன் பேர் ராஜ்குமார். பெண்ணின் அப்பா குடிப்பார் என்று முதலிலேயே சொல்லியாயிற்றாம், அவர்களும் பெருந்தன்மையாக ஒப்புக்கொண்டார்களாம். நிச்சயத்துக்கு முன்னால் மகளைத் தனியாகப் பார்க்க மாமா எவ்வளவோ முயன்றார். லீவு கிடைக்கவில்லை என்று அவளை அன்றைக்குக் காலையில்தான் வரவழைத்தார்கள். அதுவும் பெரியப்பா ஏற்பாடுதான்.

நிச்சயத்தன்று மாமா குளித்து, திருநீறு பூசி, நான் எடுத்துக் கொடுத்த நீலக் கட்டம் போட்ட சட்டையைப் போட்டுக்கொண்டு நின்றார். பேச்சு அன்றைக்குக் கொஞ்சம் அதிகமாகவே இழுத்தது. துரைக்கண்ணு அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு உள்ளே போய் ஒரு குவார்ட்டர் பாட்டிலோடு வந்தார். மூடியைத் திருகி, உள்ளங்கையில் ஊற்றி, தம்பியின் சட்டையில், கழுத்தில், தோளில் தெளித்தார், கல்யாண வீட்டில் பன்னீர் தெளிக்கிற மாதிரி.

"வாணாம்ணா... முருகா... வாணாம்ணா..." என்று மாமா கையைத் தூக்கித் தடுத்தார். தூக்க முடிந்தது ஒரு கையைத்தான்.

"சும்மா இருடா. வாய் குழறுது, வாசனை வரலன்னா சந்தேகப்படுவானுங்க" என்றார் அண்ணன்.

அந்த நேரம் பார்த்துக் கலைமதி பையோடு உள்ளே வந்தாள். அவளைப் பார்த்ததும் மாமா இரண்டடி முன்னால் போய், "கலை... ஒண்ணு சொல்லணும்மா..." என்றார். பிராந்தி நெடி அவள் முகத்தில் அடித்தது. அவள் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"இன்னிக்குக்கூடவாப்பா?" என்றாள். அப்புறம் விடுவிடென்று அறைக்குள் போய்விட்டாள்.

அவள் குளிக்கப் போயிருந்த நேரம், அவளுக்குத் தலை பின்ன நான் காத்திருந்த அறையின் ஜன்னலுக்கு வெளியே கொஞ்ச நேரத்தில் மாமா வந்து நின்றார். அவர் கண் கலங்கியிருந்தது.

"அவ இனிமே நான் சொன்னா நம்பமாட்டா அருணா. இன்னிக்கு டாக்டர் திண்டிவனத்துல இருப்பாரு. அவரையே கூட்டிக்கினு வர்றேன், அதுவரைக்கும் நீ ஒண்ணும் சொல்லாத. மாப்ள வூட்டுக்காரங்க வர்றதுக்குள்ள ஜல்தியா வந்துடறேன்."

சட்டையை மாற்றிக்கொண்டு போகச் சொன்னேன். பஸ் சத்தம் கேட்டது. காலை இழுத்துக்கொண்டு ஓடினார்.

மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். காபி, பலகாரம் எல்லாம் ஆயிற்று. மாமாவைக் காணோம். எங்கே என்று கேட்டவர்களுக்குத் துரைக்கண்ணு ஒரு சிரிப்புச் சிரித்து, கட்டைவிரலை வாய்க்கு நேராகச் சாய்த்துக் காட்டினார். அவர்களும் சிரித்தார்கள். சாப்பாட்டுப் பந்தியில் மாப்பிள்ளையின் உறவுக்காரன் ஒருவன் தன் செல்போனைப் பக்கத்து இலைக்காரரிடம் நீட்டிக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தான். ஏதோ வாட்ஸப் வீடியோ. சாம்பார் ஊற்றப் போன நான் எட்டிப் பார்த்தேன். திண்டிவனம் பஸ் நிலையத்தில் ஓர் ஆள் சுவரோரமாகக் குப்புறக் கிடக்கிறார். ஒரு கால் மட்டும் தரையைத் தேய்க்கிறது. வாயோரம் எச்சில் வழிகிறது. எடுத்தவன் செருப்புக் காலால் அவர் தோளை நெம்பிப் பார்க்கிறான். "கிட்டப் போவாத, நாறுது" என்று ஒரு பெண் குரல். கீழே எழுதியிருந்தது: 'திண்டிவனத்துக் குடிமகன்.' அதற்குக் கீழே வரிசையாகச் சிரிக்கிற மூஞ்சிகள்.

நீலக் கட்டம் போட்ட சட்டை.

சாம்பார் வாளியை அப்படியே கீழே போட்டுவிட்டு அலறினேன். அந்த வீடியோ வந்து எவ்வளவோ நேரம் ஆகியிருந்தது. டீக்கடை, பூக்கடை, பஸ்ஸுக்கு நிற்கிற அத்தனை ஜனம், யாராவது ஒருத்தர் குனிந்து வாயைப் பார்த்திருக்கக் கூடாதா? பார்க்கமாட்டார்கள். அண்ணன் தெளித்த பிராந்தி அவருக்காக ஊர் முழுக்கச் சாட்சி சொல்லிக்கொண்டிருந்ததே! நாங்கள் போய்த்தான் ஆம்புலன்ஸில் ஏற்றினோம். விழுப்புரத்துக்குக் கொண்டு போனோம். வழி நெடுக நான் கலைமதியிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். மாமா தன் வாயால் சொல்ல வேண்டும் என்று வைத்திருந்ததை நான் சொன்னேன், ஏனென்றால் அந்த வாய் அப்போது கோணிக்கொண்டு ஒரு பக்கமாகத் தொங்கியது. அவள் அந்த நாறும் சட்டையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு வந்தாள்.

உயிர் இருக்கிறது, பேச்சு திரும்புவது கஷ்டம் என்றார்கள். விழுந்ததும் கொண்டுவந்திருந்தால் ஏதாவது முயன்று பார்த்திருக்கலாம் என்று டாக்டர் அம்மா சொன்னார். வார்டில் கட்டிலைச் சுற்றி நாங்கள், பின்னால் துரைக்கண்ணு, மரியாதைக்காக வந்த மாப்பிள்ளை, அவனுடைய அம்மா. மாமாவுக்குக் கண் திறந்திருந்தது. நினைவும் இருந்தது.

"குடிப்பழக்கம் உண்டா?" என்று டாக்டர் அம்மா கேட்டார்.

சம்பந்தி அம்மாளை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே துரைக்கண்ணு சொன்னார்: "ஆமாங்க. ரொம்ப நாளா."

அந்த மனுஷனின் வாயில் புழு விழாதா என்று இருந்தது எனக்கு. நான் வாயைத் திறப்பதற்குள் கலைமதி எழுந்து நின்றாள்.

"இல்ல டாக்டர். எங்கப்பா ஒரு நாளும் குடிச்சதில்ல. எங்க தாத்தாவும் குடிச்சதில்ல. இது எங்க குடும்பத்துல பரம்பரையா வர்றது, மரபணுக் கோளாறு. எனக்கும் இருக்கலாம்." மாப்பிள்ளையின் பக்கம் திரும்பினாள். "உங்களுக்கும் தெரியணும்னுதான் எங்கப்பா நெனச்சாரு. அதுக்குத்தான் திண்டிவனம் போனாரு."

மாப்பிள்ளை தரையைப் பார்த்தான். அவனுடைய அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு துரைக்கண்ணுவிடம் வந்தாள். முகமெல்லாம் ஆத்திரம்.

"ஏங்க, இது நல்லாவா இருக்குது? இப்பிடியா ஏமாத்துவீங்க? குடிகாரன்னு நீங்க சொன்னத நம்பித்தானே பொண்ணு எடுக்க ஒத்துக்கினோம்! குடிக்காத மனுஷன்னு முன்னாடியே சொல்லியிருந்தா இந்தப் பக்கம் வந்திருப்போமா?"

சொல்லிவிட்டு மகனைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டாள். துரைக்கண்ணு அவர்கள் பின்னாலேயே, "சம்பந்தி, சம்பந்தி" என்று ஓடினார்.

கட்டிலில் ஏதோ சத்தம் கேட்டது. மறுபடியும் இழுக்கிறதோ என்று பயந்து குனிந்தேன். மாமாவின் முகத்தில் அசைகிற பாதி சிரித்துக்கொண்டிருந்தது. குடிக்காத மனுஷன் என்று அவரை வெளியாள் ஒருத்தர், அதுவும் நாலு பேருக்கு நடுவில் சொன்னது அதுதான் முதல் தடவை. கலைமதி அவருடைய சட்டைப் பித்தானைக் கழற்றி, ஈரத்துணியால் கழுத்தைத் துடைத்தாள். பிராந்தி நாற்றம் போகவில்லை. அவள் மறுபடியும் நனைத்துத் துடைத்தாள்.